கூற்றும் கேட்போரும்

சொல்லுக்குப் பொருள் உண்டு என்பதனை யாவரும் அறிவர். அப்பொருள் யாண்டு உறைகின்றது என்னும் வினாவே கற்றோரை நெடுங்காலமாக ஆராயச் செய்து வருகின்றது. அகராதியில் உறைகின்றது என்பார் ஒரு சாரார். இலக்கணத்தில் உறைகின்றது என்பார் மற்றொரு சாரார். இவை இரண்டும் உண்மையே. ஆயினும் முழு உண்மை அல்ல. அகராதியும் இலக்கணமும் பழுதறக் கற்ற ஒருவன், கடைத்தெருவில் தன்னிடம் கூறப்பட்ட ஒரு சிறு தொடரின் கருத்து இன்னதென்று அறியாது திகைத்து நிற்றலும் உண்டு. என்னை? கூறியவர் யாவர், கேட்டவர் யாவர், கூறிய இடமும் காலமும் எவை, அதனாற் கருதிய பயன் யாது என்பவற்றை அகராதி அவனுக்குச் சொல்லாது.

இவற்றை ஆராயும் கலை, பல்கலைக்கழகங்களில் மொழிநூல் பயில்வோர்க்கு இன்று 'பிராக்மாட்டிக்ஸ்' என்னும் பெயரால் கற்பிக்கப்படுகின்றது. செயல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அப்பெயர். 1938-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சார்லஸ் மாரிஸ், குறிகளைப் பற்றிய ஆராய்ச்சியை மூன்றாகப் பகுத்தார். குறிகள் தம்முள் இயையும் முறை ஒன்று. அவை குறிக்கப்படும் பொருளோடு இயையும் முறை மற்றொன்று. அவற்றை வழங்கும் மக்களோடு இயையும் முறை மூன்றாவது. இம்மூன்றாவதனை இக்கட்டுரையில் 'சூழற்பொருளியல்' என்று வழங்குவோம். இது மேனாட்டார் கண்ட புதுக்கலை என்று நம் மாணவர் அஞ்சவும் வேண்டா. நம் முன்னோர் யாவற்றையும் கண்டு முடித்துவிட்டனர் என்று இறுமாக்கவும் வேண்டா. இரண்டனையும் அருகருகே வைத்துக் கற்பின், நாளும் நாம் பேசும் பேச்சினால் ஒருவர்க்கொருவர் செய்துகொள்ளும் நன்மையும் தீமையும் நமக்கு விளங்கும். இதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தொடர், பல பொருள்

உடுமலைப்பேட்டையிலிருந்து பழனிக்குச் செல்லும் பெருவழியில், அமராவதியாற்றின் அருகே அமைந்தது மடத்துக்குளம். நெல்லும் கரும்பும் தென்னையும் விளையும் அவ்வூரில் ஒரு நாள் வழங்கக்கூடிய 'மணி எட்டு' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். பேருந்திற்குக் காத்திருக்கும் முதியவர் நேரம் யாதென வினவ, அருகிலுள்ளார் இதனைக் கூறின் இது விடை. உறங்கும் மகனை நோக்கித் தாய் கூறின் இது கட்டளை. எழுந்திரு என்பதே அதன் கருத்து. காலந்தாழ்த்து வந்த தொழிலாளியை நோக்கி ஆலையின் வாயிலில் மேற்பார்வையாளர் கூறின் இது கடிந்துரை. நண்பர் வீட்டில் நெடும்பொழுது உரையாடியிருந்தவன் இதனைக் கூறி எழுவானாயின் இது விடைபெறுதல். சொல்லும் ஒன்றே, இலக்கணமும் ஒன்றே, கடிகாரமும் ஒன்றே, பொருளோ நான்கு.

இனி, இத்தொடரைக் கொங்கு நாட்டார் பெரும்பாலும் இவ்வாறே விட்டுவிடுவதில்லை. 'மணி எட்டுங்க' என்பர். இவ்வீற்றில் நின்ற 'ங்க' கடிகாரத்தைப் பற்றி யாதொன்றும் கூறவில்லை; எட்டினை எட்டரை ஆக்கவும் இல்லை. கேட்பவரை நான் மதிக்கின்றேன் என்னும் ஒன்றையே அது கூறுகின்றது. 'சரிங்க', 'இல்லீங்க', 'ஏனுங்க' என வினையல்லாத சொற்களோடும் அது ஒட்டி வரும். தொடரின் பொருளுக்குப் புறம்பாய் நின்று, பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் உள்ள உறவை மட்டும் அறிவிக்கும் இத்தகைய உறுப்புகள் சூழற்பொருளியலார் பெரிதும் விரும்பி ஆராய்வன. நமக்கோ அவை மூச்சு விடுதல்போல் இயல்பாய் இருத்தலின் கண்ணிற் படுவதில்லை.

நூலோர் கண்ட உறுப்புகள்

தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளுக்கு உறுப்பென 34 பொருள்களை எண்ணுகின்றது. மாத்திரை, எழுத்து, அசை, சீர் முதலாயின ஓசையைப் பற்றியன. இவற்றையே நம் மாணவர் தேர்வின் பொருட்டு மனப்பாடம் செய்கின்றனர். அவ்வரிசையிலேயே கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் என்பனவும் உள. கூறுவார் யாவர், கேட்பார் யாவர், நிகழ்ந்த இடம் எது, பொழுது எது, அதனால் விளைவது யாது, சொல்லாது விடுத்தது யாது, இவ்விடத்து இவர்க்கு இம்மொழி உரியது என்று உய்த்துணர வைப்பது எது என இவற்றை விரித்துக்கொள்ளலாம். சூழற்பொருளியல் கற்கப் புகும் மாணவனுக்கு முதல் வகுப்பில் கொடுக்கப்படும் வினாக்களும் ஏறக்குறைய இவையே.

இவை செய்யுளை நோக்கிக் கூறப்பட்டன என்பது உண்மை. அகப்பாட்டினைத் தலைவி கூற்று என்று கொள்வதற்கும் தோழி கூற்று என்று கொள்வதற்கும் பொருள் வேறுபடும் ஆதலின், உரையாசிரியர் இன்னார் இன்னார்க்கு இன்ன இடத்துக் கூறியது என்று துறை வகுத்த பின்னரே பொருள் உரைத்தனர். கூற்றும் கேட்போரும் அறியாது பாட்டிற்குப் பொருள் காண்டல் இயலாதென்பது அவர் துணிபு. பாட்டிற்கு வேண்டிய இவ்வறிவு பேச்சிற்கு வேண்டாதது ஆகுமா?

உலக வழக்கினையும் அவர் விட்டாரல்லர். வருதல், தருதல் என்னும் சொற்கள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன என்றும், செல்லுதல், கொடுத்தல் என்பன படர்க்கைக்கு உரியன என்றும் சொல்லதிகாரம் வரையறுக்கின்றது. எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான் என்னும் வேறுபாடு பேசுவோன் நிற்கும் இடத்தைக்கொண்டு அமைவது. அவன் இடம் மாறின் சொல்லும் மாறும். விருந்தினர் விடைபெறுங்கால் 'போகிறேன்' என்னாது 'வருகிறேன்' என்று கூறுதல் இவ்வரம்பினை மனமார மீறி அன்பினை உணர்த்துவதாம். நன்னூலார் தகுதி வழக்கென வகுத்த இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றும் இவ்வினத்தனவே. அவையல் கிளவியை மறைத்துக் கூறுதலும், இறந்தாரைத் துஞ்சினார் என்றலும், ஒரு தொழிலார் தமக்குள் வேறு பெயரிட்டு வழங்குதலும் கேட்போரை நோக்கிச் சொல்லைத் தேர்ந்துகொள்ளும் முறைகளே.

வினாவும் இறையும்

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டினர்; கொங்கு நாட்டுச் சீனாபுரமே அவர் பிறந்த ஊர் என்பது இந்நாட்டார் வழங்கும் செய்தி. அவர் வினாவினை ஆறாகவும் விடையினை எட்டாகவும் பகுத்தார். விடையினை அவர் 'இறை' என்பர். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன அவ்வெட்டு. பள்ளியிற் கற்று, தேர்வில் எழுதி, பின்னர் மறந்துவிடும் இப்பகுதி எத்துணை உயிருள்ளது என்பதை ஓர் எடுத்துக்காட்டினாற் காண்போம்.

மடத்துக்குளத்துப் பக்கத்துப் பெண்ணொருத்தி நூற்பாலை ஒன்றில் பணிபுரிவதாகக் கொள்வோம். ஒரு ஷிப்ட் முடியுந் தறுவாயில் மேற்பார்வையாளர் வந்து, 'இன்னும் அரை ஷிப்ட் நிற்கிறாயா?' என்று வினவுகின்றார். 'நிற்கிறேனுங்க' எனின் நேர். 'முடியாதுங்க' எனின் மறை. இடத்தையோ வழியையோ வினவினார்க்குச் சுட்டிக் காட்டும் சுட்டு விடைக்கு ஈண்டு வாய்ப்பில்லை. ஆயின் 'நான் நிற்காமல் இருப்பேனுங்களா?' எனின் அது வினாவாய் வந்த உடன்பாடு. 'நீங்களே நின்று பாருங்கள்' எனின் ஏவலாய் வந்த மறுப்பு. 'நேற்றிலிருந்து காய்ச்சலுங்க' எனின் உற்றதுரைத்தல். 'கடைசிப் பேருந்து போய்விடுமுங்க' எனின் உறுவது கூறல். 'நாளைக்கு நிற்கிறேனுங்க' எனின் இனமொழி. இறுதியிற் கூறிய மூன்றனுள்ளும் 'முடியாது' என்னும் சொல் இல்லை. மறுப்பு என்னும் பொருளோ ஐயமற உண்டு.

சொல்லில் இல்லாத பொருள் கேட்போர் உள்ளத்தில் எவ்வாறு புகுந்தது? தொல்காப்பியனார் ஒரு விதி கூறினார்: விடையானது நேரே அமையாது வழுவி வரினும், வினாவிய பொருளோடு பொருந்தியதாயின் அதனை விலக்கலாகாது என்பது அதன் கருத்து. ஆங்கிலத் தத்துவ நூலாசிரியர் பால் கிரைஸ், 1967-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றி, அவற்றுள் ஒரு பகுதி 1975-இல் அச்சில் வெளிவந்த சொற்பொழிவுகளில் இவ்வினாவையே எடுத்துக்கொண்டார். உரையாடுவோர் இருவரும் ஒத்துழைக்கின்றனர் என்பது அவர் கொண்ட அடிப்படை. வேண்டிய அளவு கூறுக, உண்மை கூறுக, பொருத்தமுற்றதைக் கூறுக, தெளிவுறக் கூறுக என நான்கு நெறிகளை அவ்வொத்துழைப்பின் கூறாக அவர் வகுத்தார். நிற்கின்றாயா என்ற வினாவிற்குப் பேருந்தைப் பற்றிய பேச்சு பொருத்தமற்றதுபோற் படுகின்றது. எனினும் இவள் பொருத்தமின்றிப் பேசுபவள் அல்லள் என்று கேட்போர் கொள்கின்றார். ஆதலின் பேருந்து போய்விடின் வீடு சேரல் அரிதென்றும், அதனால் நிற்றல் இயலாதென்றும் உய்த்துணர்கின்றார். இவ்வழியாகப் பெறும் பொருளே கிரைஸ் கண்ட குறிப்புப் பொருள்.

ஈண்டு இரு நூலாரின் வேறுபாட்டையும் மாணவர் உணர்தல் வேண்டும். நம் நூலோர் விடைகளின் வகையை எண்ணினர். ஏற்கத்தக்கது இது, தகாதது இது என்று வரம்பு கட்டினர். கேட்போர் அறிவு ஒரு படியிலிருந்து மறுபடிக்கு ஏறும் முறையைக் கிரைஸ் விளக்கினார். முன்னது வகைப்பாடு; பின்னது காரணம். வகைப்பாடு இன்றிக் காரணம் ஆராய்வார் எடுத்துக்காட்டுக் காணாது இடர்ப்படுவர். காரணம் ஆராயாது வகைப்பாட்டை ஓதுவார் கிளிப்பிள்ளை ஆவர்.

இதனால் ஆவது என்னை எனின், அவ்வாலைப் பெண்ணிடமே திரும்புவோம். அவள் 'முடியாது' என்று நேரே கூறாமைக்குக் காரணம் மொழியறிவின்மை அன்று. வேலை கொடுப்பார்க்கு எதிரே மறைவிடை கூறுதல் அவளுக்கு இடர் தரும். ஆதலின் உறுவது கூறி ஒதுங்குகின்றாள். மேற்பார்வையாளர் அதனை உணர்ந்தும் உணராதார்போல், 'பேருந்து போனால் என்ன, ஆலை வண்டி இருக்கிறது' என்று கூறி அவளை நிறுத்திவிட்டு, பின்னர் வினவுவார்க்கு, 'அவள் முடியாதென்று சொல்லவே இல்லையே' என்று விடையிறுக்கக் கூடும். அவர் கூற்று அகராதிப்படி மெய், நன்னூற்படி பொய். என்னை? எட்டனுள் இறுதி ஐந்தும் விடைப்பொருளைத் தருதலின் அவற்றையும் விடையென்றே உடன்படுவர் என்று நன்னூலார் தெளிவாகக் கூறினார். எளியோர் தம் மறுப்பினைப் பெரும்பாலும் இவ்வைந்தனுள் ஒன்றாகவே கூறுவர். அதனை மறுப்பென்று ஏலாதார், அவர்க்கு மறுக்கும் உரிமையையே இல்லையாக்குகின்றனர்.

சொல்லே செயலாதல்

சொல் ஒரு செய்தியை அறிவிப்பது மட்டும் அன்று. சிற்சில இடங்களில் சொல்லுதலே செய்தல் ஆகும். இதனை விளங்கக் காட்டியவர் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஜே. எல். ஆஸ்டின். 1955-ஆம் ஆண்டில் அவர் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகள், அவர் மறைந்தபின் 1962-இல் நூலாயின. நம் திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகை நாளில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுதலை யாவரும் கண்டிருப்பர். 'மூன்று தரம்' என்று கூறியவுடன் வாழைக்குலை ஒருவர்க்கு உரியதாகின்றது. அச்சொல் விற்பனையைப் பற்றிய செய்தி அன்று, அதுவே விற்பனை. ஆயின் ஏலம் விட அமைந்தவர் கூறல் வேண்டும். ஏலம் நடக்கும் இடத்துக் கூறல் வேண்டும். கூட்டத்தில் நிற்கும் சிறுவன் அதனையே உரக்கக் கூவினும் குலை யார்க்கும் உரியதாகாது. கூறுவோரும் களனும் காலமும் முறையே அமைந்தாலன்றிச் சொல் செயலாகாது என்பது ஆஸ்டின் கொள்கை.

நீ, நீர், நீங்கள்

ஒருவரைப் பன்மையாற் கூறுதல் உயர்வு கருதி வழக்கில் வந்ததே அன்றி இலக்கண முறைமையில் தோன்றியது அன்று எனத் தொல்காப்பியனார் கூறுகின்றார். எண்ணைப் பற்றிய இலக்கணம் ஒருபுறமும், மதிப்பைப் பற்றிய வழக்கு மற்றொருபுறமும் நிற்றலை அவர் பிரித்தறிந்தார். இரத்தற்குரிய ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள் 'ஈ' தாழ்ந்தோன் கூற்று, 'தா' ஒப்போன் கூற்று, 'கொடு' உயர்ந்தோன் கூற்று என்று அவர் வகுத்ததும் இக்கருத்துப் பற்றியே. கேட்கப்படும் பொருள் ஒன்றாயினும், கேட்பார் நிலைக்கேற்பச் சொல் மாறுகின்றது.

இவ்வழக்கினை ஆராய்ந்த அயல்நாட்டார் ஒருவர் நம் நிலப்பகுதிக்கே வந்தார் என்பதை நம் மாணவர் பலர் அறியார். ஸ்டீபன் லெவின்சன் என்பார் அந்நாளைய கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற் கேட்ட தமிழ்ப் பேச்சினை ஆராய்ந்து, 1977-இல் கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மடத்துக்குளம் அக்காலத்து அம்மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. திருப்பூர் மாவட்டம் பிரிந்தது 2009-இல். பெனலோப்பி பிரவுன் என்னும் அறிஞருடன் கூடி அவர் எழுதிய மரியாதை மொழி பற்றிய ஆராய்ச்சி 1978-இலும், பின்னர் விரித்த நூலாக 1987-இலும் வெளிவந்தது. ஆங்கிலம், மெக்ஸிகோ நாட்டுப் பழங்குடியினர் பேசும் செல்தால், நம் கொங்குத் தமிழ் என்னும் மூன்றுமே அவ்வாராய்ச்சிக்கு அடிப்படை. 1983-இல் லெவின்சன் எழுதிய சூழற்பொருளியற் பாடநூல் உலகின் பல பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படுகின்றது. நம் களத்துமேட்டுப் பேச்சு அத்துணைத் தொலைவு சென்றுள்ளது.

அவர்தம் கோட்பாட்டின் நடுச்சொல் 'முகம்' என்பது. முகதாட்சணியம், முகங்கொடுத்துப் பேசுதல், முகத்தை முறித்தல் என்று வழங்கும் நமக்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. பேசுவோர் பிறர் முகம் வாடாவண்ணம் சொல்லை அளந்து வழங்குகின்றனர் என்றும், அவ்வளவினை ஒருவர்மேல் ஒருவர்க்குள்ள ஆற்றல், இருவர்க்கும் இடைப்பட்ட தூரம், வேண்டப்படும் செயலின் சுமை என்னும் மூன்றும் வரையறுக்கின்றன என்றும் அவர் கூறினர். ஈ, தா, கொடு என்ற பகுப்பில் முதலாவதனை மட்டும் காண்கின்றோம். பின்னைய இரண்டும் புதியனவாய் வந்து சேர்ந்தன.

மொழிபெயர்ப்பாளர் இடர்ப்பாட்டினை நோக்கின் இதன் அருமை புலனாகும். பிலாத்துவின் முன் இயேசு நின்ற நிகழ்ச்சியில், கிரேக்க மூலம் இருவர் வாயிலும் ஒரே முன்னிலை ஒருமையை வைக்கின்றது. நம் திருச்சபைகளில் வழங்கும் பழைய தமிழ் வேதாகமமோ தேசாதிபதியை 'நீ' என்று வினவவைத்து, இயேசுவை 'நீர்' என்று விடையிறுக்கவைத்தது. அன்றியும், கதை கூறுங்கால் தேசாதிபதிக்கு ஆன் விகுதியும் இயேசுவிற்கு ஆர் விகுதியும் கொடுத்தது. ஆளுநனிடத்து அதிகாரமும் கைதியினிடத்துப் பணிவும், அவற்றிற்கு மேலே கூறுவோனுடைய பக்தியும் ஒரு வரியளவில் அமைந்துவிட்டன. மூலத்தில் இல்லாத இம்முடிபினைத் தமிழ் அவர்மேற் சுமத்தியது. 'நீ' என்றாவது 'நீர்' என்றாவது சொல்லாது தமிழில் எதிர்நின்றாரோடு நெடிது பேசுதல் அரிது.

அரிதென்னும் இவ்விடத்தேதான் கொடுமையும் புகுந்தது. நரை திரை எய்திய உழவுத் தொழிலாளியை நிலக்கிழார் வீட்டுச் சிறுவன் 'நீ' என்பதும், அம்முதியவர் அச்சிறுவனை 'நீங்க' என்பதும் நம் சிற்றூர்களில் நெடுங்காலம் வழங்கின. அறவே ஒழிந்தன என்று இன்றும் கூறுவார் இலர். நண்பர் இருவர் ஒருவரையொருவர் 'நீ' என்பது அன்பு. ஒரு பக்கத்து மட்டும் 'நீ' என்பது ஆட்சி. சொல்லிற் குற்றமில்லை, திரும்பி வாராமையிலேயே குற்றம் உள்ளது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் இழிவுபடுத்துங் கருத்தோடு பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் அவமதித்தலைக் குற்றமாக்கிற்று. கூறுவோர் யாவர், கேட்போர் யாவர், கருத்து யாது, களன் எது என்பனவற்றை எல்லாம் அச்சட்டம் வினவுதலைக் காண்க. செய்யுளுறுப்பு நீதிமன்றத்திலும் உறுப்பாயிற்று.

இக்காலத்துப் பிறிதொரு நிலையும் கருதத்தக்கது. ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து திருப்பூர்ப் பனியன் தொழிலுக்கு வருவோர் பலர். அவர் தமிழைப் புத்தகத்தில் அன்றி வேலையிடத்திற் கற்கின்றனர். அவரை நோக்கி 'வா, போ, எடு' என்றே எப்பொழுதும் கூறுவோமாயின், அவர் கற்கும் தமிழும் அதுவேயாகும். பின்னர் அவர் முதலாளியை 'வா' என்று அழைப்பின், மரியாதை அறியாதவர் என்று நகைப்போம். அவர் தாய்மொழியில் மரியாதைச் சொல் இல்லாமல் இல்லை. தமிழ் மரியாதைச் சொல்லை அவர்க்கு ஒருமுறையும் நாம் வழங்கிற்றிலம். கேளாத சொல்லை ஒருவர் எங்ஙனம் கற்பார்?

கற்கும் முறை

இக்கலையைப் பயில விரும்பும் மாணவர்க்குப் பெரிய நூல்நிலையம் முதற்கண் வேண்டுவதில்லை. சிறு குறிப்பேடு ஒன்று போதும். நாளும் கேட்கும் தொடர்களுள் ஒன்றனை எழுதி, அதன் கீழே கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் என்று ஏழு வரி இடுக. பின்னர் ஏழனுள் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க. கேட்போரை மாற்றின் 'ங்க' வருமா, ஒழியுமா? களனை மாற்றின் வேண்டுகோள் கட்டளையாகுமா? இவ்வாறு மாற்றி நோக்குதலே சோதனைக்கூடத்தில் வேதிநூலார் செய்வது. நம் சோதனைக்கூடம் பேருந்து நிலையமும் சந்தையும் வீட்டுத் திண்ணையும் ஆகும். பிறர் பேச்சினைப் பதிவு செய்யுங்கால் அவர் இசைவினைப் பெறுதல் வேண்டும். பெயரையும் ஊரையும் மறைத்தல் வேண்டும். இதுவும் முகதாட்சணியத்தின் பாற்பட்டதே.

ஆராய்ச்சி முற்றுப்பெற்றபின் எஞ்சுவது ஒன்று உண்டு. பிறர் சொற்களை ஏழு வரியில் எழுதிப் பழகியவன், தன் சொல்லையும் ஒருநாள் அவ்வேட்டில் எழுதாமலிரான். தான் யார்க்கு 'நீங்கள்' கொடுத்தான், யாரிடம் பெற்றுக்கொண்டு திருப்பிக் கொடாதிருந்தான், எவருடைய பேருந்துப் பேச்சினை மறுப்பென்று உணர்ந்தும் உணராதான்போல் இருந்தான் என்பன அவன் கண்முன் வரும். அகராதி கற்றவன் சொல்லறிவான். இலக்கணம் கற்றவன் தொடரறிவான். கூற்றும் கேட்போரும் கற்றவன் எதிர்நிற்கும் மனிதனை அறிவான். நம் கல்லூரி மாணவர் மூன்றனையும் கற்று உயர்வாராக.